டெக்சாஸ் போன் பில்லில் 911 கட்டணம்: யாருக்குப் போகிறது, யாரிடம் கேட்கலாம்?

டெக்சாஸில் குடியிருப்பவர்கள் செல்போன் பில்லின் அடிப்பகுதியைப் பார்த்தால், வரிகளுக்கு நடுவே, அவசர உதவிக்கு அழைக்கும் எண்ணான 911க்கான கட்டணம் என்று 50 சென்ட் இருக்கும். ஓர் இணைப்புக்கு மாதம் 50 சென்ட். நாலு பேர் ஒரே ஃபேமிலி பிளானில் இருந்தால் வருஷத்துக்கு 24 டாலர். இது கம்பெனி தானாகப் போட்டது இல்லை. மாநிலச் சட்டப்படி வசூலிப்பது. ப்ரீபெய்டு என்றால் மாத பில் கிடையாது, அதனால் வாங்கும்போதே விலையில் 2 சதவீதம் எடுத்துக்கொள்கிறார்கள்.

வசூலாகும் பணத்தைக் கையாளும் அமைப்புகளில் முக்கியமானவை 'எமர்ஜென்சி கம்யூனிகேஷன் டிஸ்ட்ரிக்ட்'கள். மாவட்டம் என்றதும் நமக்குக் கலெக்டர் ஆபீஸ் நினைவுக்கு வரும். இது அப்படியல்ல. 911 அழைப்பைச் சரியான மையத்தில் சேர்க்கும் ஒரே வேலைக்காக, பல ஊர்களும் கவுண்டிகளும் (மாநிலத்துக்குள் இருக்கும் உள்ளாட்சிப் பிரிவுகள்) சேர்ந்து வைத்திருக்கும் தனி அமைப்பு. மாநிலத்தின் சுகாதார, பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் 772ஆம் அத்தியாயம் முழுக்க இவற்றைப் பற்றியது. ஹூஸ்டன் வட்டாரத்துக்கான கிரேட்டர் ஹாரிஸ் கவுண்டி அமைப்பு 1983இல் வந்த சட்டத்தால் பிறந்தது. இன்று ஃபோர்ட் பெண்ட் கவுண்டியும் அதற்குள் வருகிறது. மாநிலம் முழுக்க இதே ஏற்பாடு என்று நினைத்துவிட வேண்டாம். சில பகுதிகளை 911 சேவைக்கான மாநில ஆணையம் வட்டாரக் குழுக்கள் மூலம் கவனிக்கிறது, சில நகரங்கள் தாங்களே நடத்துகின்றன.

செல்போன் கட்டணத்தை இந்த அமைப்புகள் தம் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. தொகை மாநிலம் முழுக்க ஒன்றே. பணம் முதலில் மாநிலக் கருவூலத்துக்குப் போய், மக்கள்தொகைப்படி பிரிந்து வருகிறது. வசூலித்துக் கொடுக்கும் கம்பெனி 1 சதவீதத்தைத் தன் செலவுக்குப் பிடித்துக்கொள்ளலாம். வீட்டு லேண்ட்லைன் கதை வேறு. அதற்கான தொகையை அந்தந்த அமைப்பின் நிர்வாகக் குழுவே, சட்டம் விதித்த உச்சவரம்புக்குள் முடிவு செய்கிறது. அதனால்தான் ஊருக்கு ஊர் வித்தியாசம்.

இந்தப் பணத்தில் அழைப்பு வரும் தடங்கள், அழைப்பை எடுக்கும் கருவிகள், கூப்பிடுபவர் எங்கே இருக்கிறார் என்று காட்டும் முகவரித் தரவு ஆகியவை நடக்கின்றன. ஆம்புலன்ஸ் இதில் சேராது. பலர் இங்கேதான் குழம்புகிறார்கள்: "மாசாமாசம் 911க்குக் கட்டுகிறோமே" என்று நினைத்திருப்பார்கள், ஆம்புலன்ஸ் பில் தனியாக வந்து நிற்கும். அது வேறு கணக்கு. இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். கட்டணம் கட்டினால்தான் அழைப்பு போகும் என்பதில்லை. சிம் இல்லாத பழைய செல்போனிலிருந்தும் 911ஐ அழைக்கலாம். ஆனால் லைன் அறுந்தால் மையத்தால் அந்த போனுக்குத் திருப்பிக் கூப்பிட முடியாது. ஆகவே இடத்தை முதலில் சொல்லிவிடுங்கள்.

இணையவழி வீட்டு போன் வைத்திருப்பவர்கள் வீடு மாறினால் கம்பெனியிடம் முகவரியையும் மாற்றியே ஆக வேண்டும். இல்லையென்றால் உதவி பழைய வீட்டு வாசலுக்குப் போய் நிற்கும். வயதான பெற்றோர் ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் வீடுகளில் இதை இன்றே சரிபார்த்துவிடுங்கள்.

பணம் கொடுக்கிறவர்களுக்கு என்ன உரிமை? நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான். நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது; ஆண்டுதோறும் வெளித் தணிக்கை உண்டு. அதோடு, சட்டப்படி ஏறக்குறைய மூன்று வருஷத்துக்கு ஒருமுறை இந்த அமைப்பு தொடர வேண்டுமா, கட்டணம் தொடர வேண்டுமா என்று பொதுமக்களிடம் கருத்துக் கேட்டுக் கூட்டம் நடத்தியாக வேண்டும். முன்கூட்டியே அறிவிப்பும் தருவார்கள். கட்டணம் கட்டும் எவரும் போய்ப் பேசலாம். ஒழித்துவிடச் சொல்லத்தான் போக வேண்டும் என்றில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் எந்தத் தளம் என்பதும் மையத்தின் திரையில் தெரிகிறதா, ஆங்கிலம் வராத தாத்தா பாட்டி அழைத்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளரை எத்தனை நேரத்தில் லைனில் சேர்ப்பார்கள் என்று கேளுங்கள்.