பெயர் பொருந்தினால் பாட்டனாகிவிடுவாரா?

சென்ற கோடையில் பாஸ்டனிலிருந்து வந்த ஒரு பெரியவர், எங்கள் நூலகத்து மேசைமீது ஒரு கொடிவழிப் படத்தை விரித்தார். மேசை போதவில்லை. ஓரமெல்லாம் குலச்சின்னம், தங்க நிற எழுத்து, மொத்தம் பதினோரு தலைமுறை. வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இணையத்தில் யாரோ போட்டிருந்த படத்தோடு தன் குடும்பத்தை ஒட்டி, காசு கொடுத்து அச்சிட்டுக்கொண்டு வந்திருந்தார். "என் கொள்ளுத்தாத்தா பிறந்த வயலில் ஒரு பிடி மண் எடுக்க வேண்டும். வழி மட்டும் சொல்லுங்கள்" என்றார்.

நான் அயர்லாந்தின் தென்பகுதியில் ஒரு நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பிரிவில் வேலை செய்கிறேன். கோடை பிறந்தால் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா என்று எங்கிருந்தெல்லாமோ வேர் தேடி வருகிறவர்களுக்குப் பதிவேடு எடுத்துக்கொடுப்பதே பாதி வேலை. ஐரிஷ் கத்தோலிக்க விவசாயக் குடும்பத்துக்குப் பதினோரு தலைமுறை என்று யார் சொன்னாலும் எனக்கு வயிற்றைக் கலக்கும். பெரும்பாலான கிராமப் பங்குகளின் (ஒரு கோவிலுக்கு உட்பட்ட வட்டாரங்களின்) ஞானஸ்நானப் பதிவேடுகள் 1800ஐத் தாண்டிப் பின்னால் போவதில்லை. அதற்கு முந்தைய குத்தகை விவசாயியின் பெயரை எழுதிவைக்க யாருக்கும் அவசியம் இருந்ததில்லை.

அந்தப் படத்தில் முதல் நான்கு தலைமுறை சரி. ஐந்தாவதிலிருந்து மேலே இருந்த ஏழும் வேறொருவர் வீட்டுடையவை.

பெரியவரின் குடும்பப் பெயர் ரயன் என்பதை மட்டும் சொல்கிறேன். அயர்லாந்தின் டிப்பரேரி மாவட்டத்தில் ரயன் என்பவரைத் தேடுவது, நம் ஊர்த் திருவிழாவில் முருகனைக் கூப்பிடுவது போல. அங்கேயே ஒரு ரயனை இன்னொரு ரயனிடமிருந்து பிரிக்கப் பட்டப்பெயர் வைத்துத்தான் பழகியிருக்கிறார்கள். வெள்ளை ரயன், சிவப்பு ரயன் என்று குடும்பம் குடும்பமாக ஐரிஷ் மொழியில் அடைமொழி உண்டு. கப்பல் ஏறியதும் அந்த அடைமொழி உதிர்ந்துவிடும். வெறும் ரயன் மிஞ்சுவார். பதிவேட்டின் படச்சுருளை ஓட்டிப் பார்த்தோம். பங்குத்தந்தை லத்தீனில் எழுதியிருந்தார்: ஜேம்ஸ் என்றால் ஜேகபஸ், வில்லியம் என்றால் குலியெல்மஸ், ஜான் என்றால் ஜோவான்னஸ். 1838 முதல் 1842 வரை ஒரே பங்கில் மூன்று ஜோவான்னஸ் ரயன்கள். படம் வரைந்தவர் முதலில் கண்ணில் பட்ட ஜானைப் பிடித்துக்கொண்டுவிட்டார். அந்த ஜானை 1901 கணக்கெடுப்பில் தேடினேன். மனிதர் கடலையே பார்க்காமல், பிறந்த இடத்திலேயே மாடு வளர்த்துக்கொண்டு, மனைவி, இரண்டு மகள்களோடு சௌக்கியமாக இருந்தார். பாஸ்டனில் புதைக்கப்பட்ட கொள்ளுத்தாத்தா அவராக இருக்க வழியே இல்லை.

இந்தத் தவற்றைச் செய்கிறவர்கள் முட்டாள்கள் அல்லர். எல்லாருக்கும் தெரிந்த உதாரணமே இருக்கிறது. 1892 ஜனவரி 1 அன்று நியூயார்க்கின் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையம் திறந்தபோது முதலில் பதிவானவர் அயர்லாந்தின் கார்க்கைச் சேர்ந்த ஆனி மூர் என்ற பெண். நெவாடா என்ற கப்பலில் இரண்டு தம்பிகளோடு வந்தவர். அவர் கப்பல் ஏறிய கோவ் துறைமுகத்தில் அவருக்குச் சிலை. எல்லிஸ் தீவிலும் சிலை. அவர் டெக்சாஸுக்குப் போய், மணம் முடித்து, டிராம் மோதி இறந்தார் என்று பல ஆண்டுகள் நம்பினார்கள். அந்த டெக்சாஸ் குடும்பத்தாரை விழாக்களுக்கு அழைத்து மரியாதையும் செய்தார்கள். மேகன் ஸ்மோலென்யாக் என்ற வம்சாவளி ஆய்வாளர் தோண்டிப் பார்த்தபோது, டெக்சாஸ் ஆனி மூர் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்திலேயே பிறந்தவர் என்று தெரிந்தது. உண்மையான ஆனியைக் கண்டுபிடிப்பவருக்கு 1,000 டாலர் என்று 2006இல் அறிவித்தார். நியூயார்க் நகர ஆவணத் துறை அதிகாரி உட்படப் பலர் கைகொடுக்க, தம்பி பிலிப்பின் குடியுரிமை ஆவணம் வழியாக ஆள் கிடைத்துவிட்டார். ஆனி நியூயார்க்கை விட்டு எங்கும் போகவில்லை. ரொட்டிக் கடைத் தொழிலாளி ஒருவரை மணந்து, பெற்ற குழந்தைகளில் பலரைப் பறிகொடுத்து, 1924இல் இறந்து, குயின்ஸில் பெயர்ப்பலகை இல்லாத கல்லறையில் கிடந்தார். 2008இல்தான் அவருக்குக் கல் நட்டார்கள். டெக்சாஸ் குடும்பம் பொய் சொல்லவில்லை. வீட்டில் கேட்டதைச் சொன்னது. சரிபார்க்க வேண்டியவர்கள் சரிபார்க்காமல் சிலை வரைக்கும் போய்விட்டார்கள்.

"எல்லாம் எரிந்துவிட்டதாமே" என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார். 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது உண்மை. 1821 முதல் 1851 வரையிலான நான்கு கணக்கெடுப்புகளும் ஏறக்குறைய முழுவதும் போயின. புராட்டஸ்டன்ட் திருச்சபைப் பதிவேடுகளில் பாதிக்கு மேல் போயின. ஆனால் எல்லாப் பழியையும் தீயின்மேல் போட முடியாது. 1861, 1871 கணக்கெடுப்புப் படிவங்களை அரசே சில ஆண்டுகளில் அழித்துவிட்டது. 1881, 1891 படிவங்கள் முதல் உலகப் போர்க் காலத்துக் காகிதப் பஞ்சத்தில் கூழாக்கப்பட்டன. அதனால் முழுதாகக் கிடைக்கும் முதல் கணக்கெடுப்பு 1901தான். கத்தோலிக்கப் பதிவேடுகளோ அந்தந்தக் கோவிலிலேயே இருந்ததால் தப்பித்தன. அவற்றின் படங்களை 2015 முதல் தேசிய நூலகம் இலவசமாகவே தருகிறது. 1864 முதலான பிறப்பு, இறப்புப் பதிவுகளும் 1901, 1911 கணக்கெடுப்புகளும் இலவசம்தான். இவற்றை எடுத்துத் தருகிறேன் என்று யாராவது பெருந்தொகை கேட்டால் கொஞ்சம் யோசியுங்கள்.

கிடைக்கிற ஆவணங்களையும் அப்படியே விழுங்கக் கூடாது. 1901இல் 56 வயது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர், 1911இல் 71 என்று எழுதியிருப்பார். பத்து ஆண்டில் பதினைந்து வயது கூடும் அதிசயத்துக்குக் காரணம் 1909இல் வழங்கத் தொடங்கிய முதியோர் ஓய்வூதியம். அதைப் பெற 70 வயது வேண்டும். பிறப்புச் சான்று இல்லாத கிழவர்களின் வயதைச் சரிபார்க்க அதிகாரிகள் அன்று டப்ளினில் இருந்த 1841, 1851 படிவங்களைப் புரட்டினார்கள். படிவங்கள் பின்னால் எரிந்துபோயின. புரட்டிப் பார்த்து எழுதிய ஓய்வூதியக் குறிப்புகள் தப்பின. ஒரு கிழவியின் வயதுக்காக எழுதிய சீட்டில், படிவம் எரிந்துபோன ஒரு வீட்டின் அப்பா, அம்மா, பிள்ளைகள் அத்தனை பேரும் கிடைத்துவிடுவதுண்டு. எனக்குப் பிடித்த ஆவணம் இது.

பெயர்களும் அப்படித்தான். பிரிட்ஜெட் அமெரிக்காவில் டீலியா ஆகிவிடுவார். கார்க், கெர்ரி பக்கத்து டியர்முட், ஆங்கிலத்தில் ஜெரமையா. மக் கவன் என்ற ஐரிஷ் பெயரின் பொருள் கொல்லன் மகன் என்பதால் அதே குடும்பம் ஸ்மித் என்று மாறியிருக்கும். "எல்லிஸ் தீவு குமாஸ்தா எங்கள் பெயரை மாற்றிவிட்டான்" என்பது மட்டும் பெரும்பாலும் கட்டுக்கதை. அந்தக் குமாஸ்தா கையில் இருந்தது, கப்பல் கம்பெனி பயணிகளை ஏற்றும்போதே எழுதிய பட்டியல். பெயரை மாற்றிக்கொண்டவர்கள் பெரும்பாலும் குடியேறியவர்களே.

அப்படியானால் எதைப் பிடிப்பது? இடத்தை. அயர்லாந்தில் மிகச் சிறிய நில அலகு டவுன்லேண்ட். பெயரில் டவுன் இருந்தாலும் அங்கே டவுன் எதுவும் இருக்காது. சில வயல்கள், நாலைந்து வீடுகள், ஒரு பெயர். நாடு முழுவதும் 60,000க்கு மேல் உண்டு. அந்தப் பெயர் கையில் இல்லாமல் அயர்லாந்துப் பதிவேட்டைத் திறந்தால் மூன்று ஜான்களில் ஒருவர் மேல் குருட்டாம்போக்கில் விழ வேண்டியதுதான். சோகம் என்னவென்றால், டவுன்லேண்டின் பெயர் அயர்லாந்தில் கிடைப்பதைவிட, போய்ச் சேர்ந்த நாட்டில்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. கல்லறைக் கல்லில் பொறித்திருப்பார்கள். பாஸ்டனின் பைலட் என்ற பத்திரிகை 1831 முதல் 1921 வரை, காணாமல்போன உறவினரைத் தேடி விளம்பரங்களை வெளியிட்டது; அண்ணனைத் தேடும் தங்கை ஊர், பங்கு, கப்பல் எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள். 1850இல் நியூயார்க்கில் தொடங்கிய எமிகிரன்ட் சேமிப்பு வங்கி, எழுதப் படிக்கத் தெரியாத வாடிக்கையாளரை அடையாளம் காண்பதற்காக அவர் பிறந்த ஊர், பெற்றோர், வந்த கப்பல் ஆகியவற்றைக் கேட்டு எழுதிவைத்தது. ஏமாற்றுக்காரரைத் தடுக்க எழுதிய ஏடு இன்று நமக்குப் புதையல்.

பெரியவருக்கு விடை மெல்போர்னிலிருந்து வந்தது. அவருடைய கொள்ளுத்தாத்தாவின் மூத்த பிள்ளைக்குப் பாஸ்டனில் ஞானத்தாயாக நின்றவரின் குடும்பப் பெயர் அபூர்வமானது. மூன்று ஜான்களில் மூன்றாமவருக்கு டிப்பரேரியில் ஞானத்தாயாக நின்றவருக்கும் அதே பெயர். ஞானத்தாயாக நிற்பவர் அத்தையாகவோ சித்தியாகவோ இருப்பது வழக்கம். அந்தப் பெயரைத் தேடும் இன்னொருவர் உண்டா என்று விசாரித்தபோது, மெல்போர்னில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பதில் எழுதினார். அவருடைய பாட்டியின் பாட்டியும் ரயன் வீட்டுப் பெண். விக்டோரியா மாநிலத்து இறப்புச் சான்றிதழ்கள் தாராளமானவை; தாயின் பிறந்த வீட்டுப் பெயர் வரை போட்டிருப்பார்கள். அதில் மூன்றாவது ஜானுடைய பெற்றோர் பெயர்களே இருந்தன. பிள்ளைகளின் பெயர்வரிசையும் பொருந்தியது: மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாமவனுக்கு அம்மாவின் அப்பா பெயர். பெயரைச் சுமப்பதால் பேரன் என்று சொல்லும் நமக்கு இது புதிதல்ல. ஆனால் பெயர்வரிசை துணைச் சாட்சிதான். தனியாக நின்றால் நான் ஏற்கமாட்டேன்.

மிச்சத்தை நிலவரிப் புத்தகம் சொன்னது. 1847 முதல் 1864 வரை கிரிஃபித் என்பவரின் தலைமையில் நாட்டின் ஒவ்வொரு நிலத்துக்கும் யார் அனுபவதாரர் என்று மதிப்பீடு எடுத்தார்கள், நம் அடங்கல் போல. அதன் பிறகு வந்த மாற்றங்களை அதே ஏட்டில் பழைய பெயரை அடித்து, வேறு வேறு வண்ண மையில் புதுப் பெயர் எழுதி, ஓரத்தில் ஆண்டு போட்டு வந்தார்கள். மூன்றாவது ஜானின் அப்பா பெயரைச் சிவப்பு மை அடித்து, விதவையின் பெயரை எழுதியிருந்தது. பிறகு நீல மை விதவையையும் அடித்திருந்தது. பக்கத்தில் வீடு இடிந்தது என்று ஒரு குறிப்பு. பெரியவர் அந்த நீலக் கோட்டின்மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

கூடித் தேடுவதன் பலன் இது. அதற்குச் சில மரியாதைகளும் உண்டு. இன்னொருவர் படத்தை எடுப்பதற்கு முன், இது எந்த ஏட்டிலிருந்து வந்தது என்று கேளுங்கள். "இன்னொரு படத்திலிருந்து" என்று பதில் வந்தால் கும்பிட்டுவிட்டு விலகுங்கள். நூறு படங்களில் ஒரே தகவல் இருந்தாலும், ஒருவர் செய்த பிழையைத் தொண்ணூற்றொன்பது பேர் நகலெடுத்திருக்கலாம். பிழை உங்களுடையது என்றால் வெளிப்படையாகத் திருத்துங்கள். நானும் ஒருமுறை 1847இல் கனடாவின் கிரோஸ் தீவுத் தடுப்பு முகாமில் இறந்தவர் என்று ஒருவரைக் கைகாட்டிவிட்டு, ஆறு மாதம் கழித்து வெட்கத்தோடு கடிதம் எழுதியிருக்கிறேன். அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் தப்பி வந்து அங்கே புதைந்தவர்கள் 5,000க்கு மேல். அத்தனை பேரில் பெயர் ஒத்துப்போகிற ஒருவர் எப்போதும் கிடைப்பார்.

உயிரோடு இருப்பவர்களின் விவரத்தைப் பொதுவில் போடவே கூடாது. தாயின் பிறந்த வீட்டுப் பெயரைப் பாதுகாப்புக் கேள்வியாக வைத்திருக்கும் வங்கிகள் இன்னும் இருக்கின்றன. டிஎன்ஏ சோதனை எடுப்பதற்கு முன்பும் வீட்டில் பேசுங்கள். மணமாகாத தாய்மாரை வைத்திருந்த தாய்-சேய் இல்லங்களில் பிறந்து, பிறந்தவுடன் பிரிக்கப்பட்டு, தத்துப்போன பிள்ளைகள் இந்த நாட்டில் ஏராளம். அவர்களுக்குத் தம் பிறப்புத் தகவலைக் கேட்கும் சட்ட உரிமையே 2022இல்தான் முழுதாகக் கிடைத்தது. உங்களுக்குப் பொழுதுபோக்காக இருக்கும் சோதனை முடிவு, எண்பது வயது அத்தை ஒருவர் யாரிடமும் சொல்லாத விஷயமாக இருக்கலாம். அதோடு, தூரத்து உறவில் பொருத்தம் காட்டவில்லை என்பதால் உறவே இல்லை என்று ஆகிவிடாது. பாட்டனின் பாட்டனுக்கும் ஒரு தலைமுறை மேலே போய் ஒன்றுபடுகிற உறவினரிடையே ஏறக்குறைய பாதிப்பேருக்குத்தான் ஏதாவது தென்படும்.

சென்னையிலிருந்தும் எனக்குச் சில மின்னஞ்சல்கள் வருவதுண்டு, பெரும்பாலும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களிலிருந்து. கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் ஐரோப்பியப் படையில் ஐரிஷ்காரர்கள் நிறைய. பின்னால் மதராஸ் ஃபியூசிலியர்ஸ் என்று பெயர்பெற்ற அந்தப் படைதான் 1881இல் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் என்ற பிரிட்டிஷ் படைப்பிரிவின் முதல் பட்டாலியன் ஆனது. இந்தக் குடும்பத்தார் தேடலை அயர்லாந்தில் தொடங்க வேண்டாம். மதராஸ் மாகாணத்து ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் லண்டனுக்குப் போய், இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. முதலில் அவற்றையும் படை ஆவணங்களையும் பாருங்கள். படையில் சேர்ந்தபோது சொன்ன பங்கின் பெயர் சிலசமயம் அங்கே இருக்கும்.

யார் எழுதினாலும் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பழைய நிழற்படத்தை அனுப்பும்போது பின்பக்கத்தையும் படமெடுத்து அனுப்புங்கள். பெரியவரின் கொள்ளுத்தாத்தா படத்தின் பின்னால் பென்சிலில் கிறுக்கியிருந்ததை, ஸ்டூடியோக்காரரின் கணக்கு என்று நினைத்து எழுபது ஆண்டுகளாக யாரும் படிக்கவில்லை. அது டவுன்லேண்டின் பெயர், காதில் விழுந்தபடி எழுத்துப்பிழையோடு.