மைக்கோரைசா – பூஞ்சைவேர்

செருமானியத் தாவரவியலாளர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் 1885-இல் உருவாக்கிய இச்சொல்லில், பூஞ்சையைக் குறிக்கும் ‘மைக்கீஸ்’, வேரைக் குறிக்கும் ‘ரைசா’ என்னும் இரு கிரேக்கச் சொற்கள் இணைந்துள்ளன. மரவேர் நுனிகளும் அவற்றைப் போர்த்தியிருந்த பூஞ்சையும் சேர்ந்து ஒரே உறுப்பாக இயங்குவதைக் கண்டே அவர் இப்பெயரை இட்டார்.

தமிழில் ‘வேர்ப்பூஞ்சை’ என்று எழுதுவோர் பலர். அது வேரின்கண் வாழும் பூஞ்சை என விரிந்து, பூஞ்சையை மட்டுமே சுட்டும். ‘பூஞ்சைவேர்’ என்பதோ, நீர்க்குடம் என்பதைப் போல, பூஞ்சையை உடைய வேர் என விரிந்து ஃபிராங்க் கருதிய உறுப்பையே குறிக்கும். ஆகவே உறுப்புக்குப் பூஞ்சைவேர் என்றும், அதில் வாழும் உயிரிக்கு வேர்ப்பூஞ்சை என்றும் வழங்குவதே தெளிவு.

ஆர்க்கிட் செடிகளில் இவ்வேறுபாடு இன்றியமையாதது. ஏனெனில் அங்கு வேதிவினைகளை விரைவுபடுத்தும் நொதிகள் (என்சைம்கள்) இரு தரப்பிலிருந்தும் சுரக்கின்றன. தூசி போன்ற ஆர்க்கிட் விதையில், முளைக்கும் கருவுக்கு உணவளிக்கும் கருவூண் திசு இல்லாததால், இயற்கையில் அது முளைத்து வளரப் பூஞ்சையின் துணை தேவை என்பதை 1899-இல் நோயல் பெர்னார் கண்டறிந்தார். பூஞ்சை தன் செல்லுலேஸ், பெக்டினேஸ் போன்ற நொதிகளால் மட்கும் தாவரப் பொருளைச் சிதைத்துச் சர்க்கரையாக்குகிறது. ஆர்க்கிட்டின் புறணிச் செல்களுக்குள் நுழையும் பூஞ்சை இழைகள், ‘பெலோட்டான்’ எனப்படும் சுருள்களாக மடிகின்றன. பிரெஞ்சில் சிறு உருண்டை என்று பொருள்படும் இச்சொல்லுக்கு ‘இழைச்சுருள்’ என்பதே போதும். பூஞ்சை தரும் சர்க்கரைகளுள் ஒன்றான ட்ரெஹலோஸை, ஆர்க்கிட்டின் ட்ரெஹலேஸ் நொதி இரு குளுக்கோஸ் மூலக்கூறுகளாகப் பிளக்கிறது. இழைச்சுருள் முதிர்ந்து குலையும்போது, பூஞ்சையின் செல்சுவரிலுள்ள கைட்டினைக் கைட்டினேஸ் சிதைக்கிறது. அமிலப் பாஸ்பட்டேஸ் என்னும் நொதியின் செயல்பாடும் அச்செல்களில் மிகுகிறது. அதன்பின் அதே செல்லில் புதிய சுருள் தோன்றுவதும் உண்டு.

இதனைக் கொண்டு ஆர்க்கிட் பூஞ்சையைச் ‘செரித்து உண்கிறது’ என்று மட்டும் எழுதுவது குறையுடையது. உயிருள்ள சுருளைச் சூழ்ந்த ஆர்க்கிட்டின் செல்சவ்வு வழியாகவும் ஊட்டப்பொருள்கள் கடக்கின்றன; பச்சை இலையுள்ள சில ஆர்க்கிட்கள் கார்பனைப் பூஞ்சைக்குத் திருப்பியும் அளிக்கின்றன.

என்சைமுக்கு நேரான ‘நொதி’ ஐயத்துக்கு இடமற்றது. 1870-களில் செருமானிய உடலியங்கியலாளர் வில்ஹெல்ம் கூனே ஆக்கிய என்சைம் என்னும் பெயர் ‘புளித்த மாவுக்குள்’ என்ற கிரேக்கப் பொருளிலிருந்து வந்தது; நொதியும் நொதித்தல் என்னும் வினையடியாகவே பிறந்தது.