காத்திருக்க நேரமில்லாத திருவருகைக் காலம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் உளவள ஆலோசகராகப் பணிபுரியும் என்னிடம் டிசம்பரின் பிற்பாதியில் வருவோர் குறைந்துவிடுவார்கள். ஜனவரி முதல் வாரத்திலோ நேரம் ஒதுக்கிக் கொடுக்க முடியாத அளவுக்கு வருவார்கள். பாடகர் குழுவில் நெடுங்காலமாகப் பாடிவரும் ஓர் ஆசிரியை அப்படி ஒரு ஜனவரியில் வந்தார். அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்கள், இரவு பத்து மணி வரை பாடல் பயிற்சி, அன்பியம் என்னும் அண்டை வீட்டாரின் ஜெபக்குழுவோடு கேரல், வீட்டுக்கு வெள்ளையடிப்பு, அச்சுமுறுக்கும் முந்திரிக்கொத்தும் சுடும் வேலை என்று மாதம் முழுவதும் ஓடியவர், கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலியில் ‘உன்னதங்களிலே’ என்னும் இறைபுகழ்ப் பாடலைப் பாடிக்கொண்டிருந்தபோது, கறியை ஃப்ரிட்ஜில் எடுத்து வைத்தோமா என்ற நினைப்பே மனத்தில் ஓடியது என்று சொல்லி அழுதார். அவருக்கு இறைவன்மேல் ஐயமோ கோபமோ இல்லை. உடல் களைத்திருந்தது, அந்தக் களைப்பைத் தன் விசுவாசக் குறைவென்று எண்ணி அவர் தன்னையே தண்டித்துக்கொண்டிருந்தார்.

கிறிஸ்து பிறப்பு விழாவுக்காகக் காத்திருக்கும் திருவருகைக் காலத்து ஞாயிறுகளில் அந்தப் பாடலைத் திருச்சபை பாடுவதில்லை. நவம்பர் 30-இல் வரும் புனித அந்திரேயா விழாவை ஒட்டிய ஞாயிறன்று தொடங்கி, ஆண்டைப் பொறுத்து 22 முதல் 28 நாள் வரை நீளும் இந்தக் காலத்தில் பீடத்தில் ஊதா நிறம்தான் இருக்கும். மகிழ்ச்சிப் பாடலைச் சில வாரம் நிறுத்திவைப்பதே, பிறப்பு விழாவின் இரவில் அதை ஏக்கத்தோடு பாடுவதற்காகத்தான். காத்திருப்பதற்கென்றே வகுக்கப்பட்ட இந்த நாள்களை நாம் தயாரிப்பு வேலைகளால் நிரப்பிவிடுகிறோம். முதல் வாரத்திலேயே ஒலிபெருக்கியில் விழாப் பாடல்கள் தொடங்கிவிடுகின்றன. விழா வந்து சேரும்போது மனத்தில் பசி மிஞ்சியிருப்பதில்லை.

எங்கள் கடலோர ஊர்களில் இந்தப் பரபரப்பு இன்னொன்றையும் மூடிவிடுகிறது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் இந்தக் கடலைத் தாக்கியது. அந்த ஆண்டின் திருவருகைக் காலம் டிசம்பர் 3-இல் தொடங்கியபோது, பல வீடுகளில் கடலுக்குப் போனவர்கள் திரும்பியிருக்கவில்லை. 2004-இன் ஆழிப்பேரலையோ பிறப்பு விழாவின் மறுநாள் காலையில் வந்தது. எனவே இங்கே டிசம்பர் என்பது விழாவும் நினைவுநாளும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் மாதம். ஒக்கியில் மகனை இழந்து, உடலும் கிடைக்காத ஒரு தாய் என்னிடம் சொன்னார்: “ஸ்டார் போடலைன்னா அவன் செத்துட்டான்னு நானே சொன்ன மாதிரி ஆயிரும் மேடம். போட்டா, இவளுக்கு என்ன கொண்டாட்டம்னு கேப்பாவ.” இறந்தாரா இருக்கிறாரா என்று உறுதிப்படாத இத்தகைய இழப்பை அமெரிக்க உளவியலாளர் பாலின் பாஸ் தனியாகப் பிரித்து விளக்கியிருக்கிறார், இதில் துக்கம் முடிவதற்கு ஓர் எல்லை கிடைப்பதில்லை. அப்படிப்பட்டவரிடம் “எல்லாம் ஆண்டவர் சித்தம், சந்தோஷமாக இருங்கள்” என்று சொல்வது, எவ்வளவு நல்லெண்ணத்தோடு சொன்னாலும், அவரை மேலும் தனிமைப்படுத்தும் என்பதையே நான் மீண்டும் மீண்டும் கண்டிருக்கிறேன்.

ஆன்மிக நலத்துக்காக இன்னொரு நிகழ்ச்சியைச் சேர்க்கும்படி நான் யாரிடமும் சொல்வதில்லை. ஒன்றைக் குறைக்கும்படிதான் கேட்கிறேன். அந்த ஆசிரியை மறு ஆண்டு பலகாரத்தில் பாதியைக் கடையில் வாங்கினார். வழிபாட்டு நூல்கள் இறுதி ஆயத்தம் என்று பிரித்துக் காட்டும் டிசம்பர் 17 முதல், விடியற்காலையில் கைபேசியைத் தொடுவதற்கு முன் பத்து நிமிடம் வீட்டுக் குடிலின் முன்னால் பேசாமல் உட்கார்ந்தார். முதல் நான்கு நாளும் தூங்கி வழிந்ததாகச் சொன்னார். அது தவறன்று, உறக்கம் போதாத உடலால் அமைதியைத் தாங்க முடியாது, ஆகவே இரவுப் பயிற்சியை ஒன்பது மணிக்கு முடிக்கும்படி பாடகர் குழுவிடம் கேட்பதும் ஆன்மிகச் செயல்தான். உறவினர் வீடுகளுக்கெல்லாம் 25-ஆம் தேதியே போய்வர வேண்டிய கட்டாயமும் இல்லை, ஏனென்றால் கிறிஸ்து பிறப்புக் காலம் ஜனவரியில் ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை நீள்கிறது.

ஒன்றை மட்டும் பிரித்தறிய வேண்டும். எதிலும் நாட்டமின்மை, உறக்கமும் உணவும் கெடுதல், தன்னைப் பயனற்றவராக எண்ணுதல் ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது வெறும் ஆன்மிக வறட்சியாக இல்லாமல் மனச்சோர்வு நோயாக இருக்கலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் காத்திருக்கக் கூடாது. 14416 என்ற எண்ணில், அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி-மானஸில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். ஜெபமும் மருந்தும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல.

ஒக்கியில் மகனை இழந்த அந்தத் தாய்க்குத் திருப்பலிக் கருத்து, அதாவது எதற்காகத் திருப்பலியில் வேண்ட வேண்டும் என்ற குறிப்பு, எழுதிக் கொடுப்பதுகூட இயலாமல் இருந்தது. இறந்தவர்களுக்கென எழுதும் ‘ஆன்ம இளைப்பாற்றிக்காக’ என்பதை எழுத அவர் கை மறுத்தது. பங்குத்தந்தை அவரிடம், மகனின் பெயரை மட்டும் எழுதினால் போதும் என்றார். பெயரை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு, அன்று மாலை அவர் நட்சத்திரத்தைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்தார். விளக்கைப் பொருத்துவதா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை என்று என்னிடம் சொன்னார்.