சிறையில் சக கைதி தாக்கினால் இழப்பீடு: எங்கே, எப்படிக் கேட்பது?

அடித்தது சக கைதி, பணம் ஏன் அரசு தர வேண்டும்? பூட்டிய பிளாக்குக்குள் இருப்பவரால் விலகிப் போக முடியாது. அவரைக் காக்கும் கடமை பூட்டியவருக்கே. ஆனால் காயம் பட்டது மட்டும் போதாது. ஆபத்து நிர்வாகத்துக்குத் தெரிந்திருந்தது, அல்லது தெரிந்திருக்க வேண்டும், இருந்தும் தடுக்கவில்லை என்று காட்ட வேண்டும்.

ஆந்திராவின் கோயில்குண்ட்லா கிளைச் சிறையில் 1977 மே மாதம் வெளியாட்கள் புகுந்து குண்டு வீசினார்கள். அங்கே கைதிகளாக இருந்த தந்தை, மகன் இருவரில் தந்தை இறந்தார், மகன் காயத்தோடு தப்பினார். உயிருக்கு ஆபத்து என்று இருவரும் முன்பே போலீசாரிடம் சொல்லியிருந்தார்கள். 1,44,000 ரூபாய் இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2000-இல் உறுதி செய்தது. வழக்கைத் தாங்கியது அந்த முன்னெச்சரிக்கைதான். ஆகவே, பகையாளி அதே பிளாக்கில் இருந்தால், அடி விழும் முன்பே கண்காணிப்பாளருக்கு எழுத்தில் மனு கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளிருந்து கொடுக்கும் மனுவுக்கு நகல் கிடைப்பது கடினம். குடும்பத்தினர் பதிவுத் தபாலில் அனுப்பினால் ரசீதே சான்று.

அடிபட்டபின் முதல் இரண்டு நாள்தான் முக்கியம். அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகும்போது ஏ.ஆர். (விபத்துப் பதிவு) புத்தகத்தில் என்ன எழுதப்படுகிறது என்று பாருங்கள். பெரும்பாலான கோரிக்கைகள் சாவது இங்கேதான். அடித்தவரோடு அதே பிளாக்குக்குத் திரும்ப வேண்டுமே என்ற பயத்தில் ‘பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன்’ என்று சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு வரியை அரசு வழக்கறிஞர் கடைசிவரை விடமாட்டார். யார், எதால், எந்த இடத்தில் அடித்தார் என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பிளாக் மாற்றக் கேட்கும் மனுவும் அன்றே போகட்டும்.

விசாரணைக் கைதி என்றால் அடுத்த காவல் நீட்டிப்பின்போது மாஜிஸ்திரேட்டிடம் சொல்லலாம். வீடியோவில் ஆஜர்படுத்தினால் முதுகிலோ காலிலோ உள்ள காயம் தெரியாது. நேரில் ஆஜர்படுத்தக் கேளுங்கள். காயத்தைப் பதிவு செய்யவும் சிசிடிவி பதிவைப் பாதுகாக்கவும் உத்தரவு கேட்டு வழக்கறிஞர் மனு போட வேண்டும். பழைய பதிவுகள் மேலெழுதப்பட்டு அழிந்துவிடும் என்பதால் தாமதம் கூடாது.

எஃப்.ஐ.ஆர். அவசியம். ‘சிறைக்குள் தண்டித்துவிட்டோம்’ என்பது அதற்கு ஈடாகாது. காவல் நிலையம் மறுத்தால் பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173(4)-இன்படி எஸ்.பி.க்கு எழுதலாம், அதன்பின் மாஜிஸ்திரேட்டை அணுகலாம்.

பணம் கேட்க வழிகள் பல. பி.என்.எஸ்.எஸ். 396-இன்படி மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம், பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டத்தின்கீழ் கேட்கலாம். தண்டனைக் கைதி என்பதற்காக அந்தப் பிரிவு யாரையும் ஒதுக்கவில்லை. அடித்தவர் யாரென்று தெரியாவிட்டாலும் நேரடியாக விண்ணப்பிக்கலாம். விசாரணையை 2 மாதத்தில் முடிக்க வேண்டும். இதில் சிறையின் அலட்சியத்தை நிரூபிக்கத் தேவையில்லை, ஆனால் கிடைப்பது அட்டவணைத் தொகைதான்.

அலட்சியத்துக்கு இழப்பீடு என்றால் மாநில மனித உரிமை ஆணையத்துக்கு எழுதலாம், கட்டணம் இல்லை. சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் புகார் போக வேண்டும். டெல்லியில் உள்ள தேசிய ஆணையத்துக்கும் சேர்த்து அனுப்பாதீர்கள்: மாநில ஆணையத்தில் நிலுவையில் உள்ளதை அவர்கள் விசாரிக்க முடியாது.

உயர் நீதிமன்றத்தில் அரசுக்கு எதிராக நேரடியாகப் போடும் ரிட் மனு, அலட்சியம் ஆவணங்களிலேயே தெளிவாகத் தெரியும் வழக்குகளுக்குப் பொருந்தும். ‘அவரே சண்டை இழுத்தார்’ என்று நிர்வாகம் மறுத்தால் சிவில் வழக்குக்குப் போகச் சொல்லும் உயர் நீதிமன்றம். அந்த வழக்குக்கு முன், சிவில் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 80-இன்படி அரசுக்கு நோட்டீஸ் கொடுத்து 2 மாதம் காத்திருக்க வேண்டும். கெடு 3 ஆண்டு. ஆனால் ஓராண்டுதான் என்று அரசுத் தரப்பு வாதாடுவதுண்டு, கோயில்குண்ட்லா வழக்கிலும் அப்படியே வாதாடித் தோற்றது. அந்தச் சண்டையே வேண்டாம் என்றால் ஓராண்டுக்குள் போட்டுவிடுங்கள்.

வழக்கறிஞருக்குப் பணம் தேவையில்லை. காவலில் உள்ள எவருக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. கைதியைச் சந்திக்க (‘மனு பார்க்க’) போகும் குடும்பத்தினர் 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.