கட்டிடத்துக்குள் கழிவுநீர் ஏறினால்: குளோரினுக்கு முன்னால் செய்ய வேண்டியவை

கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கத் தொடர்மாடிகளில் பெருமழை நாளில் நடக்கும் விஷயம்தான். கீழ்த்தள பாத்ரூமின் வடிகால் துவாரத்தால் கறுத்த தண்ணீர் குமிழி விட்டுக்கொண்டு மேலே வரும். மொட்டைமாடி மழைநீர்க் குழாயைக் கழிவுநீர்க் குழாயோடு இணைத்திருப்பார்கள். அல்லது வெட் வைப்ஸ், நாப்கின், உறைந்த சமையல் எண்ணெய் எல்லாம் சேர்ந்து குழாயை அடைத்திருக்கும். போக வழியில்லாத தண்ணீர் ஆகத் தாழ்ந்த வாயால்தான் வெளியே வரும்.

கீழ்வீட்டுக்காரர் அள்ள அள்ள, ஐந்தாம் மாடியில் ஒருவர் கொமட்டில் தண்ணீர் இழுத்தால் அதுவும் இங்கேதான் வரும். ஆகவே வாளியைத் தூக்குமுன் எல்லா மாடிக்கும் சொல்லி, தண்ணீர்ப் பாவனையை நிறுத்துங்கள். மேல்டாங்கியின் வால்வை மூடி, மோட்டரையும் நிறுத்துங்கள்.

தரையில் தண்ணீர் நிற்கும்போது மெயின் சுவிட்சைத் தொட அதற்குள் இறங்க வேண்டாம். போர்ட் உலர்ந்த இடத்தில் இருந்தால் மட்டும் நிறுத்துங்கள். இல்லையென்றால் மின்சார சபையின் 1987க்கு அழையுங்கள்.

அடைப்பு எடுக்க எவரையும் மான்ஹோலுக்குள் இறக்காதீர்கள். உள்ளே ஐதரசன் சல்பைட் வாயு தேங்கியிருக்கும். செறிவு கூடினால் மூக்கு மரத்துவிடும். நாற்றம் இல்லை என்று இறங்குபவர் சில மூச்சிலேயே விழுவார், காப்பாற்றப் போகிறவரும் விழுவார். என்95 முகக்கவசம் வாயுவைத் தடுக்காது. மாநகர சபைக்குச் சொல்லி, கலி பவுசரால் (கழிவை உறிஞ்சும் லொறி) வெளியே நின்றபடி இழுப்பிப்பதே சரியான வழி.

துப்புரவு செய்பவருக்கு முழங்கால் வரை ரபர் பூட்ஸ், தடித்த ரபர் கையுறை, கண்ணாடி, முகக்கவசம் கட்டாயம். கூலிக்கு வருபவரென்றால் வாங்கிக் கொடுப்பது கட்டிடத்தாரின் பொறுப்பு. வெறுங்காலோடு இறங்கவிட்டுக் காசு கொடுத்தனுப்புவது பெரும் அநியாயம்.

அதிகம் பிழை விடும் இடம் குளோரின். சேற்றின் மேலேயே தூளைத் தூவிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். சேற்றிலுள்ள அழுக்கே குளோரினைத் தின்று தீர்த்துவிடும், கிருமிக்கு மிச்சமிராது. முதலில் சேற்றை ஷவலால் அள்ளி இரட்டைப் பையில் கட்டுங்கள். வீதிக் கானுக்குள் தள்ள வேண்டாம். பிறகு சவர்க்காரத்தூள் தண்ணீர் ஊற்றித் தும்புத்தடியால் தேய்த்துக் கழுவுங்கள். பிரஷர் வோஷர் வேண்டாம், அது கிருமியை மூச்சுக்காற்றில் கலந்துவிடும். தரை தெளிந்த பிறகுதான் குளோரின்.

0.5 வீதக் கரைசல் போதும். 5 வீதத் திரவ பிளீச் என்றால் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர். டி.சி.எல். எனப்படும் பிளீச்சிங் தூளென்றால் பையில் போட்டிருக்கும் வீதத்தைப் பாருங்கள்: 70 வீதத் தூளில் 10 லீற்றருக்கு ஏறக்குறைய 70 கிராம், 35 வீதமென்றால் 140 கிராம். தரை அரை மணித்தியாலம் ஈரமாகவே இருக்க வேண்டும். டைல் இடுக்கையும் சுவரடியையும் விடாதீர்கள். யன்னல்கள் திறந்திருக்கட்டும். அன்றைக்குக் கரைத்ததை அன்றைக்கே முடியுங்கள்.

ஹார்பிக் போன்ற அமிலம் ஊற்றிய இடத்தில் குளோரினை ஊற்றினால் நச்சு வாயு கிளம்பும். கொமட்டில் இது அடிக்கடி நடக்கிறது.

மெத்தை, கார்ப்பெட், நனைந்து ஊதிய சிப்போர்ட் அலுமாரி எல்லாம் போக வேண்டியவை. மனம் வராதுதான், ஆனாலும் உள்ளே ஊறியதை எதாலும் கழுவ முடியாது. ஜிப்சம் தடுப்பில் ஈரம் கறைக்கு மேலேயும் ஏறியிருக்கும், ஆகவே கறைக்கு ஓர் அடி மேலே வெட்டியெடுங்கள். உடுப்புகளைத் தனியாக, சுடுநீரில் துவையுங்கள். கொழும்பின் ஈரக்காற்றில் ஓரிரு நாளிலேயே பூஞ்சணம் பிடிக்கும், ஆகவே மின்சாரத்தைச் சோதித்த பிறகு மின்விசிறியை வாசல் பக்கம் பார்க்கத் திருப்பி ஓடவிடுங்கள்.

பலர் மறப்பது கார் நிறுத்துமிடத்தின் கீழேயுள்ள தண்ணீர்த் தொட்டியை. மூடி தரைமட்டத்தில் இருப்பதால் கழிவுநீர் சத்தமில்லாமல் உள்ளே இறங்கும். மோட்டரைப் போட்டால் ஒவ்வொரு வீட்டுக் குழாய்க்கும் போய்விடும். தண்ணீர் மூடிவரை வந்திருந்தாலே கலந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். முழுவதும் இறைத்துச் சுரண்டிக் கழுவ வேண்டும். பெற்றோல் பம்பை உள்ளே இறக்க வேண்டாம், அதன் புகையே ஆளைக் கொல்லும். உள்ளே போகுமுன் நன்றாகக் காற்றோட விட்டு, மேலே ஒருவர் காவல் நிற்க, பயிற்சி பெற்றவரே இறங்கட்டும். பிறகு நிரப்பி, 1000 லீற்றருக்கு 70 வீதத் தூள் 70 கிராம் கரைத்து, மேலே தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். மேல்டாங்கியையும் கழுவி இந்தத் தண்ணீரை அதற்கு ஏற்றி, ஒவ்வொரு குழாயிலும் குளோரின் மணம் வரும்வரை திறந்து மூடி, 24 மணித்தியாலம் விடுங்கள். பிறகு எல்லாவற்றையும் வெளியேற்றிப் புதுத்தண்ணீர் எடுங்கள். அதுவரை குடிக்க, சமைக்க, பல் துலக்க வெளித்தண்ணீர்தான்.

கையில் காலில் வெட்டுக்காயத்தோடு கழிவுநீர் பட்டவர் ஏற்பூசி (டெட்டனஸ் தடுப்பூசி) பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். அடுத்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் தசைவலி, கண் சிவப்பு வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். பனடோல் போட்டுக் காத்திருக்காமல் போய், கழிவுநீரில் நின்றதைச் சொல்லுங்கள். மருத்துவர் தானாக ஊகிக்க முடியாத தகவல் அது.