ஒப்பந்தம் முடிந்தவர்களை மட்டும் நம்பி அணி கட்டாதீர்கள்

பருவம் முடிந்ததும் கிளப் நிர்வாகிகள் முதலில் கேட்பது, "ஒப்பந்தம் முடிந்து சும்மா இருக்கிறவர்கள் யார் யார்?" என்பதுதான். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குக் காற்பந்து சொல்லித்தரும் எனக்கு அந்த அவசரம் புரிகிறது. அடுத்த ஆண்டே ஜெயிக்க வேண்டும், கையில் பணமும் குறைவு.

ஐரோப்பிய நீதிமன்றத்தின் 1995 போஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு, ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர், பழைய கிளப்புக்குக் கொடுக்கும் மாற்றுக் கட்டணமின்றி வேறு கிளப்பில் சேரலாம் என்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் மிச்சமாகும் அந்தப் பணத்தில் பெரும்பகுதி கையெழுத்துத் தொகையாகவும் கூடுதல் சம்பளமாகவும் முகவர் கமிஷனாகவும் போய்விடுகிறது. பலர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. ஒப்பந்தக் காலத்தில் ஒருவர் நாடு விட்டு நாடு மாறினால், ஃபிஃபா விதிப்படி கட்டணத்தில் 5 விழுக்காடு 12 முதல் 23 வயதுவரை அவரை வளர்த்த கிளப்புகளுக்குப் போகும். கட்டணமே இல்லாவிட்டால் அதுவும் கிடையாது.

பிரெஞ்சுக் கிளப் பாரிஸ் செயின்ட் ஜெர்மைன் பட்ட பாட்டைப் பாருங்கள். 2021 கோடையில் மெஸ்ஸி, ரமோஸ், வைனால்டம், டொன்னரும்மா நால்வரும் கட்டணமின்றி வந்தார்கள். அடுத்த இரண்டு பருவங்களிலும் ஐரோப்பியக் கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கில் கடைசி 16 சுற்றோடு வெளியேறினார்கள். 2025 மே 31 இறுதியாட்டத்தில் அதே கிளப் இன்டர் மிலானை 5-0 என்று வென்றது. இரண்டு கோல் அடித்த டெசிரே டுவேக்கு வயது 19. பெரும் பணம் கொடுத்துத்தான் அவரை வாங்கினார்கள், ஆனால் சிறுவயதிலிருந்து வளர்த்தது ரென் கிளப். ஐந்தாவது கோல் போட்ட சென்னி மயுலுவுக்கும் 19 வயதுதான். அவர் கிளப்பின் சொந்த அகாடமிப் பிள்ளை. அந்த நால்வரில் அன்று திடலில் இருந்தவர் கோல்காப்பாளர் டொன்னரும்மா மட்டுமே. சேர்ந்தபோது அவருக்கு 22 வயது. ஓர் இடத்தில் ஓட்டை இருந்தால் வெளியாளை வைத்து அடையுங்கள், முதுகெலும்பையே வெளியில் தேடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

நம் சிங்கப்பூரில் இது இன்னும் கூர்மையான பிரச்சினை. லயன் சிட்டி செய்லர்ஸ் போலப் பணமும் சொந்த அகாடமியும் உள்ள கிளப் இரண்டு வழியிலும் போகலாம். சிறிய கிளப்புகளுக்கு அந்த வசதி இல்லை. அதோடு பதினெட்டு வயதை ஒட்டி இரண்டு ஆண்டு கட்டாயத் தேசிய சேவை வந்துவிடுகிறது. பெரியவர்களோடு மோதிப் பழக வேண்டிய வயதும் அதுதான்.

நடுத்தற்காப்பில் ஆடும் ஒரு பதினாறு வயதுப் பையனை எடுத்துக்கொள்வோம். பந்து காலுக்கு வருமுன் தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும் என்பதைப் பயிற்சியில் சில வாரங்களில் கற்றுவிடுகிறான். ஆட்டத்தில் வேகமான தாக்குதல்காரர் ஒருவர் நெருக்கினால் போதும், கண் பந்திலேயே ஒட்டிக்கொள்கிறது. பின்னால் வந்தவர் பந்தைப் பறித்துக்கொண்டு போய்விடுகிறார். இதைச் சரிசெய்ய என்னால் முடியாது, நிஜ ஆட்டத்தின் நெருக்கடியால்தான் முடியும். அந்த இடத்தில் முப்பத்து மூன்று வயதுக்காரரைப் பருவம் முழுக்க நிறுத்திவிட்டால், பையன் பெஞ்சில் உட்கார்ந்து என்னத்தைக் கற்பான்?

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. "எத்தனை கோல் போட்டே?" என்று கேட்பதைவிட, "எத்தனை நிமிடம் ஆடினே?" என்று கேளுங்கள். ஓ லெவல் ஆண்டு வந்ததும் பயிற்சியை அடியோடு நிறுத்திவிடுகிறீர்கள். தயவுசெய்து வாரம் இரண்டு நாளாவது விடுங்கள்.

நிர்வாகிகளே, முப்பதைத் தாண்டியவர்களோடு ஓராண்டு ஒப்பந்தம் போதும். அவர் ஆடும் இடத்திலேயே ஓர் இளையரையும் சேர்த்துப் பழக்குங்கள். தேசிய சேவைக்குப் போகும் பையன்களின் ஒப்பந்தம் எந்த மாதம் முடிகிறது என்று இன்றே எடுத்துப் பாருங்கள். கடைசி ஆறு மாதத்தில் வேறு கிளப் அவனோடு கையெழுத்திட்டுக்கொள்ளலாம். அப்புறம் நீங்கள் வளர்த்த பிள்ளையே அடுத்தவர் தேடும் பட்டியலில் இருப்பான்.