சுயபரிசோதனையும் சுயசந்தேகமும் ஒண்ணா?

"இதை நான் எதுக்காக செஞ்சேன், உண்மையிலேயே எனக்கு இது வருமா"ன்னு உள்ள ஒரு குரல் கேக்குதே, அதுக்கு நாம சுயபரிசோதனைன்னும் சொல்றோம் சுயசந்தேகம்னும் சொல்றோம், ஏதோ ரெண்டும் ஒண்ணு மாதிரி. வேரைப் பார்த்தா எதிர் எதிர் திசைல நிக்குது.

சுய, பரிசோதனை, சந்தேகம் மூணுமே வடசொல். சோதனைக்கு மூலமான 'சோதன'ங்கிற சொல்லுக்கு சுத்தம் பண்றது, அழுக்கை எடுக்கறதுன்னு அர்த்தம் உண்டு, தமிழ்ல அது மங்கிப்போய் டெஸ்ட், ரெய்டு, அப்புறம் "என்னடா சோதனை இது"ன்னு கஷ்டத்துக்கே பேராயிடுச்சு. சந்தேகத்துக்கு வேர் 'திஹ்', பூசறது, மெழுகறது. ஒண்ணு மேல ஒண்ணு அப்பி எது எதுன்னு தெரியாம போறது. ஆக ஒண்ணு துடைக்கிற சொல், இன்னொண்ணு அப்புற சொல்.

தமிழ்ல என்ன போடலாம்? தற்சோதனைன்னு சிலர் எழுதறாங்க, அதுல பாதிதான் தமிழ். இன்ட்ராஸ்பெக்‌ஷனுக்கு நேரா உள்நோக்குன்னா அது உள்நோக்கத்தோட குழம்பும், அது மறைச்சு வச்ச எண்ணம், வேற விஷயம். எனக்குப் பிடிச்சது தன்னாய்வு. தொல்காப்பியத்துல சொற்களுக்குப் பொருள் சொல்ற உரியியல்ங்கிற பகுதி, ஆய்தலுக்கு 'உள்ளதன் நுணுக்கம்'னு பொருள் சொல்லுது, இருக்கறதே நுணுகிப்போறது. மனசுல பெருசா கிடக்கறதை நுணுக்கி நுணுக்கிப் பாக்கறதுக்கு இதைவிடப் பொருத்தமா ஒண்ணு எனக்குத் தோணல.

சந்தேகத்துக்கு ஐயம், ஐயுறவு. ஆனா தன்னையுறவுன்னு சேர்த்தா படிக்கிறவங்க 'தன்னை உறவு'ன்னு பிரிச்சிடுவாங்க, அதனால 'தன்மீது ஐயம்'னு விட்டு எழுதறதுதான் நல்லது.

"தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்" குறள் 510. ஆராயாம ஒருத்தரை நம்பறதும், ஆராய்ஞ்சு நம்பின பிறகு சந்தேகப்படறதும் தீராத துன்பம்ங்குது. ஆளைத் தேர்ந்தெடுக்கறதுக்கு சொன்னதுதான், ஆனா அந்த ஆள் இடத்துல நம்மளையே வச்சுப் படிச்சுப் பாருங்க, நம்ம திறமையை ஒருதடவை நேர்மையா பார்த்து "இது எனக்கு வரும்"னு தெளிஞ்சப்புறமும் ராத்திரி ராத்திரி அதையே கிளறிட்டு இருக்கோமே, அதைத்தான் சொல்ற மாதிரி இருக்கு.

இலக்கணத்துலயும் ஒரு வித்தியாசம் இருக்கு. தன்னாய்வை 'நான் செய்றேன்', அங்க நான் எழுவாய். ஐயம் 'எனக்கு வருது'.